சின்னக் குற்றம் என்றால் எவ்வளவு சின்னது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டவரும் கேட்கிறார், வேலிச் சண்டையில் கைவைத்தவரும் கேட்கிறார், பின்வளவுச் சிரட்டையில் நுளம்புக் குடம்பி கிடந்ததற்காகக் கடிதம் வாங்கியவரும் கேட்கிறார்: "இது சின்ன விஷயந்தானே, இதுக்கெல்லாம் கோட்டுக்குப் போகணுமா?" ஆளுக்கு ஆள் பதில் மாறும். இலங்கைச் சட்டத்தை வைத்து, நம்மூரில் அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் இருக்கிறது. கையில் உண்மையிலேயே ஒரு வழக்கு இருந்தால், இதை வாசித்துவிட்டுச் சட்டத்தரணி ஒருவரையும் பாருங்கள்.

சிறு குற்றங்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதா?

இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் இவை சிறியவை, இவை பெரியவை என்ற பிரிப்பு கிடைக்காது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் ஓர் அட்டவணை இருக்கிறது. பிடியாணை இல்லாமல் பொலிஸ் கைது செய்யலாமா, பிணை கொடுக்கக்கூடியதா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும், உச்ச தண்டனை என்ன என்று ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே போட்டிருப்பார்கள். குற்றத்தின் பருமனை அதிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

நான் ஆட்களுக்குச் சொல்லும் வழி இன்னும் சுலபம். உங்கள் விஷயம் எந்த வாசலில் முடியும் என்று பாருங்கள். தபாற்கந்தோரில் காசு கட்டினால் முடிகிறதா? மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாமா? அல்லது நீதவானுக்கு முன்னால் நின்றே ஆகவேண்டுமா? முதல் இரண்டில் ஒன்று என்றால் சின்னதுதான். மூன்றாவது என்றால், நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, அதைச் சின்னது என்று சொல்லாதீர்கள். செயலின் அளவைவிட, அதற்குப் பிறகு நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான் பெரும்பாலும் இந்த வாசலைத் தீர்மானிக்கிறது.

சட்டமே கண்டுகொள்ளாத அளவுக்குச் சின்னது ஏதும் உண்டா?

உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 88ஆம் பிரிவு. சாதாரண புத்தியும் சாதாரண பொறுமையும் உள்ள ஒருவர் முறைப்பாடு செய்யமாட்டார் என்கிற அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்கிறது. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது வீதியில் கால் மிதிபடாதவர் யார்? பஸ்ஸில் முழங்கை இடிபடுவதும், பக்கத்து வீட்டுக்காரர் முற்றம் கூட்டும் தூசு உங்கள் வேட்டியில் படுவதும் இந்த வகைதான்.

ஆனால் இதை ஒரு கவசமாக நினைத்துவிடக் கூடாது. கன்னத்தில் ஓர் அறை விழுந்தால் வலி இரண்டு நிமிடத்தில் போய்விடும். சந்தையில் நாலு பேர் பார்க்க விழுந்த அறை என்றால், பொறுமைசாலி ஒருவரும் முறைப்பாட்டுக்குப் போவார். தீங்கை மில்லிமீற்றரில் அளந்து பார்த்து இந்தப் பிரிவைப் போடுவதில்லை, சந்தர்ப்பத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போய்ப் பிடிபட்டேன். இனி என்ன?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் சில தவறுகளுக்கு அந்த இடத்திலேயே தண்டப்பணச் சீட்டு எழுதலாம். 2018இல் தொகைகளைத் திருத்தியபோது 33 வகைத் தவறுகளுக்கு விலை போட்டார்கள்; ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபா. பொலிஸ் உத்தியோகத்தர் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டைத் தருவார். அந்தச் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமும் ஆகும். அதனால் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, சட்டையோடு சேர்த்துத் தோய்த்துவிடாதீர்கள்.

சீட்டு கைக்கு வந்தவுடன் மூன்று இடத்தைப் பாருங்கள்: வாகன இலக்கம், திகதி, எந்தத் தவறுக்கு எதிரே அடையாளம் இட்டிருக்கிறது. எழுத்து விளங்கவில்லை என்றால் அங்கேயே, மரியாதையாக, "ஐயா, இது என்ன தவறுக்கு?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து மச்சானிடம் காட்டி யோசிப்பதைவிட அது நல்லது.

14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்துக்குப் போனால் லைசன்ஸ் கையில் வந்துவிடும். கதை முடிந்தது. 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பாகும். 28 நாளும் தாண்டினால் தபாற்கந்தோர் வாசல் மூடி, நீதிமன்ற வாசல் திறக்கும். மூதூரிலோ புல்மோட்டையிலோ இருந்து நகரத்துக்கு வந்த இடத்தில் பிடிபட்டவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். காசைத் தங்கள் ஊரில் கட்டிவிடுவார்கள், லைசன்ஸை எடுக்க நகரத்துக்குத் திரும்பவும் வரப் பஞ்சிப்பட்டு, காலாவதியான சீட்டுடன் ஓடித் திரிவார்கள். 2025 முதல் கவ்பே (GovPay) என்ற அரசாங்க இணையக் கட்டண முறை மூலம் கைத்தொலைபேசியிலேயே கட்டும் வழியும் படிப்படியாக வரத் தொடங்கியது. அப்படிக் கட்டினால் லைசன்ஸ் கையைவிட்டுப் போகாது என்பதுதான் அதன் பெரிய நன்மை.

நான் தவறே செய்யவில்லை. அப்போதும் கட்ட வேண்டுமா?

வேண்டாம். தண்டப்பணம் கட்டுவது தவறை ஒப்புக்கொள்வதுதான். ஒப்புக்கொள்ள மனமில்லை என்றால் கட்டாமல் நீதிமன்றத்துக்குப் போய், குற்றவாளி அல்ல என்று சொல்லி வழக்குப் பேசலாம். அது உங்கள் உரிமை. ஆனால் 1,000 ரூபாய்க்காக எத்தனை தவணை, எத்தனை நாள் கூலி போகும் என்ற கணக்கையும் போட்டுப் பாருங்கள். கணக்குப் பார்த்துக் காசு கட்டுகிறவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன்.

எல்லா வீதித் தவறும் சீட்டோடு முடியுமா?

முடியாது. குடித்துவிட்டு ஓட்டுவது, லைசன்ஸே இல்லாமல் ஓட்டுவது, காப்புறுதி இல்லாத வாகனம், ரயில் கடவையில் கேற்றுக்குள் நுழைவது ஆகியவை நேராக நீதிமன்றம். அங்கே தண்டப்பணம் 25,000 ரூபாயில்தான் தொடங்கும்.

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் உப்புவெளியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறான். அங்கே லைசன்ஸ் இருக்கிறதே?

வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் இருந்தால் போதாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும், அல்லது சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்குள்ள மோட்டார் வாகனச் சங்கத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஸ்கூட்டர் தருகிறவர் "பிரச்சினை வராது" என்பார். வந்தால் அவர் அங்கே இருக்கமாட்டார். இன்னொன்று, கார் ஓட்டும் லைசன்ஸ் இரண்டு சில்லுக்குப் பொருந்தாது.

500 ரூபா கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். ஹெல்மெட் போடாதது 1,000 ரூபாய் விஷயம். அதை மறைக்க 500 ரூபா நீட்டினால் அது இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் வாங்கியவரும் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளி. தபாற்கந்தோரில் முடிந்திருக்க வேண்டியதை நீங்களே கையால் பிடித்து மேல் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். உத்தியோகத்தர் தானாகவே கேட்டால், இலஞ்ச ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. காசை நீட்டாமல் "சீட்டே எழுதுங்கோ ஐயா" என்று சொல்வதும் போதும். அதற்குப் பிறகு அநேகமாகப் பேச்சு வளராது.

பக்கத்து வளவில் ஒரு இளநீர் பறித்தான் என் மகன். அது களவா?

பெரியவர் ஒருவர் சொந்தக்காரரைக் கேட்காமல், எடுத்துக்கொண்டு போகும் எண்ணத்தோடு பறித்தால் களவுதான். களவுக்கான 367ஆம் பிரிவில் இளநீருக்கு ஒரு தண்டனை, சங்கிலிக்கு ஒரு தண்டனை என்று இல்லை. உச்சம் 3 ஆண்டு. பொருளின் பெறுமதி குற்றத்தை இல்லாமலாக்காது, தண்டனை கொடுக்கும் நேரத்தில்தான் கைகொடுக்கும்.

மகனுக்கு எத்தனை வயது என்பது முக்கியம். 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்தின்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது. அதற்கு முன் இந்த எல்லை 8 வயதாக இருந்தது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், தான் செய்வது என்னவென்று விளங்கும் பக்குவம் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்ப்பார். இதெல்லாம் இருக்க, இளநீர்க் காயோடு போய் அந்த வீட்டு மாமியிடம் நீங்களே மன்னிப்புக் கேட்டால் எந்தப் பிரிவும் தேவைப்படாது.

அயலவரோடு கைகலப்பு. பொலிஸில் என்ட்ரி போட்டாயிற்று. மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்கிறார்கள். எதற்கு?

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, சிறு காயம், சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல், ஏச்சுப்பேச்சு போன்ற சில குற்றங்கள் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே தீராவிட்டால் அவர்கள் தரும் இணக்கமின்மைச் சான்றிதழோடுதான் அநேகமாக வழக்குத் தொடரும்.

சபை பெரும்பாலும் வார இறுதியில், ஏதாவது பாடசாலையில் கூடும். பிள்ளைகளின் வாங்கில் பெரியவர்கள் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் கிடையாது, சட்டத்தரணி பேச முடியாது. முன்னால் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற அதிபர், தபால் அதிபர் மாதிரி ஊர் ஆட்கள். தண்டனை கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அதுதான் அந்த இடத்தின் பலமும்.

வழமையாக வரும் ஒரு வகையைச் சொல்கிறேன். ஆடு வேலி தாண்டி வந்து மரவள்ளியைத் தின்றுவிட்டது. மரவள்ளிக்காரர் ஆட்டுக்காரரைப் பிடித்துத் தள்ள, முழங்கையில் உரசல் காயம். பொலிஸில் இரண்டு பக்கமும் முறைப்பாடு. மத்தியஸ்தர் அடியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் "வேலி எப்ப விழுந்தது?" என்று கேட்பார். போன மழைக்கு என்பார்கள் இருவரும். யாரும் ஏன் தூக்கிக் கட்டவில்லை என்றால், எல்லைக்கல் பற்றிப் பத்து வருடப் பழைய கோபம் வெளியே வரும். கடைசியில் கம்பி ஒருவர், கட்டை ஒருவர் என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போவார்கள். முழங்கைக் காயம் அந்தப் பேச்சில் எங்கோ காணாமல் போயிருக்கும். நீதிமன்றம் அந்தக் காயத்தை மட்டும்தான் விசாரித்திருக்கும், வேலி அப்படியே விழுந்துதான் கிடந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் அடிவாங்கும் ஒரு பெண்ணிடம் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லி அனுப்பப் பார்த்தால் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். அதற்கு 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது, நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

விளங்காத கடுதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. நீதிமன்ற மொழி பற்றி 24ஆம் உறுப்புரை இருக்கிறது. தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரத்தில் இல்லை என்றால், வாசித்து மொழிபெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள், அப்படிச் செய்தார்கள் என்பதையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். சின்ன விஷயங்களில்தான் நம் ஆட்கள் "சரி, எங்க போடணும்?" என்று கேட்டு வேகமாகப் போட்டுவிடுகிறார்கள். முதலில் கொடுத்த வாக்குமூலத்துக்கும் பிறகு நீதிமன்றத்தில் சொல்வதற்கும் வித்தியாசம் வந்தால் அங்கே பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்வதையும் தெரிந்து வைத்திருங்கள்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், சாதாரணக் குற்றங்களில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். இதில் குறை இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் வேலைக்குப் பாதிப்பு வருமா?

வீதியில் எழுதிய சீட்டுக்குக் காசு கட்டினால் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை, அதனால் குற்றவாளித் தீர்ப்பும் இல்லை. நீதவானுக்கு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,500 ரூபாய் கட்டினால் கதை வேறு. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது ஒரு தீர்ப்பு. அரசாங்க வேலை விண்ணப்பத்தில் "நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீர்களா" என்ற வரிக்கு நேரே நீங்கள் ஆம் என்று எழுத வேண்டி வரும். வெளிநாடு போகப் பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கும்போதும் அது எழும்பி வரலாம்.

ஆகவே "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால், அதிலும் முதல் தடவை வரும் இளம் பிள்ளைக்குச் சொன்னால், ஒரு நிமிடம் பொறுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 306ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபணமானாலும், அது அற்பமானது, ஆளின் வயது, நடத்தை, உடல்நிலை இப்படி என்று பார்த்து, குற்றவாளி எனத் தீர்க்காமலேயே எச்சரித்தோ நிபந்தனையோடோ நீதவான் விட்டுவிடலாம். இந்தச் சலுகை தானாக வந்து மடியில் விழாது. யாராவது எழும்பிக் கேட்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும். பாடசாலை அதிபரின் கடிதம், மருத்துவச் சான்று, கிராம உத்தியோகத்தரின் கடிதம் மாதிரியானவை அங்கேதான் உதவும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் விசாரியுங்கள்.

தண்டப்பணம் கட்டக் காசில்லை. சிறைக்குப் போகணுமா?

கட்டாவிட்டால் பதிலுக்குச் சிறை என்று கட்டளை இருக்கும். ஆனால் அவகாசம் கேட்கலாம், தவணை முறையில் கட்ட அனுமதி கேட்கலாம். பொருத்தமான வழக்குகளில் 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் சிறைக்குப் பதிலாகப் பொதுவேலை செய்யும்படி விடவும் முடியும். வாய் திறந்து கேட்காததால் உள்ளே போனவர்கள் நாட்டில் நிறையப் பேர்.

நாம் சின்னது என்று நினைக்க, சட்டம் பெரிது என்று நினைப்பது எது?

நம்மூரில் இரண்டு. ஒன்று, மான். பிரெட்ரிக் கோட்டை வாசலில் புள்ளிமான் பசுமாடுபோலத் திரிவதால் அது ஊர்ச் சொத்து என்ற நினைப்பு நமக்கு. அதற்குப் பொலித்தீனோடு சோற்றுப் பார்சலைப் போடுகிறவர்களை என்ன சொல்ல! மானைக் கொல்வது மட்டுமல்ல, யாரோ காட்டிலிருந்து கொண்டுவந்த இறைச்சியில் ஒரு பங்கு வாங்கி வைத்திருப்பதும் வனசீவராசிகள் சட்டத்தில் குற்றம். "நான் சுடவில்லை, கறிக்கு வாங்கினேன்" என்பது பதிலாகாது.

மற்றது, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு. 2003இல் தேசிய பூங்காவானது. கரையில் கிடக்கும் வெள்ளை முருகைக்கல் ஒன்றைப் பிள்ளை ஆசைப்பட்டுப் பைக்குள் வைத்தாலும் அது பூங்காவிலிருந்து எடுத்த பொருள்தான். செத்த முருகைக்கல் என்று சொல்லித் தப்ப முடியாது. படகுக்காரர் முன்கூட்டியே சொல்வார், கேளுங்கள். டைனமைட் வைத்து மீன் பிடிப்பதைப் பற்றியும் சிலர் "பிழைப்புக்குத்தானே" என்று கேட்கிறார்கள். அதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை. அது எந்தக் கணக்கிலும் சிறு குற்றம் அல்ல.

டெங்குக் கடிதம் வந்திருக்கிறது. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பயமுறுத்துகிறாரா?

இல்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அவருக்கு உள்ளே வந்து பார்க்கும் அதிகாரம் தருகிறது. கடிதத்தில் உள்ள நாளுக்குள் துப்புரவாக்கிவிட்டுப் படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அந்த வீட்டுக் கூரைப் பீலியையும் கிணற்றையும் மறக்க வேண்டாம். கேள்வி உங்களிடம்தான் வரும்.

திருவிழாவுக்கு இரவில் ஒலிபெருக்கி?

2007இல் உயர் நீதிமன்றம் விதித்ததன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை கூடாது. கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் என்று வித்தியாசம் இல்லை. விசேட நாளுக்குப் பொலிஸில் முன்கூட்டியே அனுமதி கேட்கும் வழி இருக்கிறது, நிர்வாக சபை கடைசி நாள் மாலை ஓடாமல் இருந்தால் சரி.

பழைய வழக்கு ஒன்று. தவணைக்குப் போகவில்லை. வருடக்கணக்காகிவிட்டது, தானாக அழிந்திருக்குமா?

அழியாது. தவணைக்கு வராதவருக்குப் பிடியாணை பிறப்பிக்கப்பட்டிருக்கும். அது நிறைவேறும்வரை அல்லது நீதிமன்றம் மீளப் பெறும்வரை உயிரோடு இருக்கும். பெரும்பாலான குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 ஆண்டு எல்லை உண்டு என்பது சரிதான், ஆனால் ஏற்கெனவே தொடர்ந்த வழக்கிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது. முகவரி மாறியதால் அழைப்பாணை பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம், நீங்கள் அறியாமலே இருந்திருக்கலாம். விமான நிலையத்தில் வைத்துத்தான் பலருக்குத் தெரியவருகிறது.

பிடிபடும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கு இலக்கம் தெரிந்தால் அதோடு, தெரியாவிட்டால் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிடித்த பொலிஸ் நிலையம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற விபரங்களோடு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, பிரேரணை ஒன்று (நீதிமன்றத்துக்கு எழுத்து மூல வேண்டுகோள்) போட்டு நீங்களாகவே முன்னிலையாகுங்கள். தானாக வந்தவரையும் பொலிஸ் கொண்டுவந்தவரையும் நீதவான் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. போகும்போது அடையாள அட்டையும் பிணைக்கு ஓர் ஆளும் கூட இருக்கட்டும்.